நான் நீக்கிய ‘ங்க’

மேடையாக இருந்தால் நடுவருக்கு வணக்கம் சொல்லி, எதிரணிக்கு ஒரு புன்னகையை அனுப்பிவிட்டுத் தொடங்கியிருப்பேன். இங்கே நடுவரும் இல்லை, எதிரணியும் இல்லை. பாடல் காணொளி எடுக்கப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் இருக்கிறீர்கள். அந்த வேலையை ஐந்து ஆண்டுகள் செய்துவிட்டு விலகிய நான் இருக்கிறேன். இருபத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி ‘என் பணிக்காலத்தில்’ என்று பேசுவது உங்களுக்கு வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் நம் தொழிலில் ஐந்து ஆண்டு என்பது ஒரு முழு ஆயுள். நான் எடுத்த முதல் பாடலை இன்று எனக்கே பார்க்கப் பிடிக்கவில்லை. கசந்து விலகினேன் என்றும் எண்ண வேண்டாம். சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்தது, சேர்ந்துவிட்டேன்.

விளக்கை எங்கே வைப்பது, கேமராவை எப்போது நகர்த்துவது என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது நான்கு விநாடி ஓடிய ஒரு வசனத்தைப் பற்றி. அதை எழுதியவள் நான். பேசவைத்தவளும் நான்.

முதலில் தொழிலின் அடிப்படை உண்மை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு திரைப்படத்துக்கு இரண்டரை மணி நேரம் இருக்கிறது. ஒரு மனிதரை அறிமுகப்படுத்த அது போதும். நமக்கு இருப்பது நான்கு நிமிடம். அதிலும் பாடகர் பாட வேண்டும், ஆட வேண்டும், காதலிக்க வேண்டும். மற்றவர்களை அறிமுகப்படுத்த நேரமில்லை. ஆகவே பார்ப்பவரின் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் அச்சுகளை எடுத்துப் பயன்படுத்துகிறோம். வெளிநாட்டிலிருந்து படிக்க வந்த கறுப்பின மாணவரை அழைத்துவந்து வண்ண விளக்கு மினுங்கும் அறையில் நிறுத்தினால், ஒரு சொல்லும் இல்லாமல் போதை வியாபாரம் என்று புரிந்துவிடுகிறது. சிவந்த நிறப் பெண்ணென்றால் நகரம், பணம், கனவு. முறுக்கிய மீசையும் அரிவாளும் என்றால் நம்மைப் போன்ற ஊர்ப்புறத்து ஆள். சென்னையில் எடுப்பவர்கள் நம்மை அப்படித்தான் காட்டுகிறார்கள், நாமும் கோபித்துக்கொள்கிறோம். நேரத்தை மிச்சம் பிடிக்க ஒரு மனிதரைச் செலவழிக்கிறோம் என்பதுதான் இதன் சுருக்கம்.

இதெல்லாம் எனக்கு அன்றும் தெரியும். தெரிந்துதான் தவறு செய்தேன்.

நான் சொல்லும் பாடல் நிறத்தைப் பற்றியது. பாடகன் கதிர் நாமக்கல்லைச் சேர்ந்தவன். என்னைவிட இரண்டு வயது இளையவன். அப்பா கோழித் தீவன லாரி ஓட்டுபவர். விடுதிப் பள்ளியில் படித்த ஆண்டுகள் முழுவதும் கதிரை எல்லோரும் ‘கருவாயன்’ என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். அவனும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டான். அந்தச் சொல்லையே தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ளும் பாட்டு அது. நல்ல பாட்டு. அவன் வாழ்க்கையின் முதல் பெரிய வாய்ப்பும் அதுதான்.

பாடலின் செலவுக்குப் பணம் கொடுத்து விளம்பரம் தந்தவர் கதாநாயகிக்கு ஒரு சிவந்த பெண்ணைச் சொன்னார். நிறம் பொருந்தாதே என்றோம். டல் மேக்கப் போட்டுக்கொள்ளலாம் என்றார். உழைக்கும் பெண்ணாகக் காட்ட, வெளுத்த முகத்தின் மேல் கறுப்பைப் பூசுவதற்கு நம் தொழிலில் அந்தப் பெயர். கறுப்பு என்பது ‘டல்’. நான் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டேன். கால் மணி நேரம் பேசினேன். கல்லூரியில் மூன்று ஆண்டுகள் கோப்பை வாங்கிய பேச்சு. அவர் கடைசியில் கையைத் தூக்கிவிட்டார். முட்டைக் கிடங்கில் வேலை செய்த, உண்மையிலேயே கறுத்த ஒரு பெண்ணை, பவுடர்கூடப் பூசாமல் நடிக்கவைத்தோம். அந்த வெற்றி எனக்குள் சில நாட்கள் நன்றாகவே ஒலித்துக்கொண்டிருந்தது. ஓர் அநீதியை வென்றவர் அடுத்த அநீதியைச் செய்ய மாட்டார் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம், செய்பவரும் நம்புகிறார்.

இரண்டாம் சரணத்துக்குப் பின் இசை நின்று ஒரு சிரிப்பு வேண்டும் என்று தோன்றியது. லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் படப்பிடிப்பு. காட்சியில் கதிரும் அங்கே வேலை செய்பவன், மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கிறான், முட்டையைக் காணோம். பக்கத்தில் வடநாட்டுத் தொழிலாளி ஒருவர் வாய் நிறைய எதையோ மென்றபடி நிற்கிறார். அவருக்கு நான் எழுதிய வசனம் இது:

“முட்டை நான் எடுக்கான் இல்லே. கோழி வந்து திருப்பி வாங்கிப் போறான்.”

நாமக்கல்லில் முட்டை என்றாலே பாதிச் சிரிப்பு வந்துவிடும். மீதிப் பாதியை அந்த உடைந்த தமிழ் தந்துவிடும் என்பது என் கணக்கு. எங்கள் வசனத் தாளில் பாத்திரத்தின் பெயர் ‘இந்திக்காரர்’.

நடிக்க ஒப்புக்கொண்டவர் திலீப். அந்தப் பட்டறையிலேயே வெல்டர். ஒடிசாக்காரர், அவருக்கு இந்தி தாய்மொழி இல்லை. நாமக்கல் வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. வசனத்தை நான் படித்துக் காட்டினேன். தலையாட்டினார். கேமரா ஓடியது. கதிரை நேராகப் பார்த்து, சற்றும் சிரிக்காமல் சொன்னார்:

“முட்டைய நான் எடுக்கலீங்கண்ணா. கோழி வந்து திருப்பி வாங்கீட்டுப் போயிருச்சுங்க.”

பட்டறையே சிரித்தது. லாரிச் சட்டத்தின் மேல் நின்றிருந்த கதிரின் கால் நழுவியது, அவ்வளவு சிரிப்பு. நான் ‘கட்’ சொன்னேன்.

காரணம், அது நான் எழுதிய தமிழ் அல்ல. அவர் பேசியது என்னைவிட நல்ல கொங்குத் தமிழ். நான் சேலம் பக்கத்து ஆட்டையாம்பட்டிக்காரி, எங்கள் வீட்டில்கூட ‘ங்க’ அத்தனை இயல்பாக விழாது. பார்ப்பவருக்கு அவர் வெளியூர்க்காரர் என்றே தெரியாதே என்று நினைத்தேன். ஆகவே பிழையாகப் பேசக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினேன். உச்சரிப்புக்காகப் பரிசு வாங்கிய நான், ஒழுங்காகப் பேசும் ஒரு மனிதரின் நாக்கில் தப்பை ஏற்றிக்கொண்டிருந்தேன். ‘எடுக்கலீங்க’ வேண்டாம், ‘எடுக்கான் இல்லே’. கோழியை ‘போறான்’ என்று சொல்லுங்கள். முக்கியமாக அந்த ‘ங்க’ வேண்டவே வேண்டாம்.

மற்றவை எளிதாக வந்துவிட்டன. ‘ங்க’ மட்டும் போகவில்லை. “எடுக்கான் இல்லீங்க” என்பார், நிறுத்துவேன். “போறானுங்க” என்பார், மறுபடி நிறுத்துவேன். ஒன்பதாவது முறைக்குப் பின் அவர் கேட்டார்.

“ஏனுங்க மேடம், காலைல இருந்து நான் இப்புடிப் பேசி நீங்க பாத்தீங்களா?”

நான் பார்த்ததில்லை. இருந்தும் பேசினேன். பாத்திரம் வேறு, நீங்கள் வேறு என்றேன். நகைச்சுவைக்கு மிகை தேவை என்றேன். பாட்டின் நோக்கமே ஏற்றத்தாழ்வை எதிர்ப்பது என்றேன். எங்கள் விவாத மேடைப் பயிற்சி அப்படி. தலைப்பின் எந்தப் பக்கம் சீட்டில் விழுந்தாலும் மூன்று காரணம் கையில் இருக்க வேண்டும். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, “செரிங்க” என்றார்.

கொங்குப் பக்கத்தில் ‘செரிங்க’ என்பது எப்போதும் சம்மதம் ஆகாது. பல நேரங்களில், இனி உங்களோடு பேசிப் பயனில்லை என்பதை மரியாதையாகச் சொல்லும் முறை அது. நாமக்கல்லிலிருந்து அறுபது கிலோமீட்டருக்குள் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாமல் இல்லை. அன்று எனக்கு வசதியான பொருளில் எடுத்துக்கொண்டேன். பதினான்காவது முறை ‘ங்க’ இல்லாமல் வந்தது. வாய் நிறைய மெல்லுவதைத் தனியாக எடுத்துக்கொண்டோம்.

அன்று மதியம் சாப்பிடும்போது திலீப் ஒரு செய்தி சொன்னார். ஒன்பது ஆண்டுகளாகப் பட்டறைக்குப் பின்னாலிருக்கும் தகரக் கொட்டகையில் எட்டுப் பேரோடு தங்கியிருந்தார். மனைவியையும் மகளையும் அழைத்துவர வீடு தேடியபோது, ஊரின் பெயரைக் கேட்டதுமே எல்லோரும் இல்லையென்றார்கள். கடைசியில் ஜேடர்பாளையம் போகும் சாலையில், தோட்டத்தை ஒட்டி மூன்று வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் சரசம்மா என்பவரிடம் போனில் பேசியிருக்கிறார். பத்து நிமிடம் பேசிய பிறகுதான் எந்த ஊர் என்று கேட்டாராம். ஒடிசா என்றதும், மறுபடியும் ஒருமுறை ஊர்ப்பெயரைக் கேட்டாராம். பிறகு, “செரி, வந்து ஊட்டப் பாருங்க” என்றாராம். அடுத்த மாதம் சாவி தருவதாகப் பேச்சு. பள்ளி திறப்பதற்குள் மகளைச் சேர்த்துவிட வேண்டும் என்று மூன்று முறை சொன்னார்.

நல்ல கதை என்று எனக்குத் தோன்றியது. அவருடைய பேச்சுதான் அவருக்கு வீடு தேடித்தந்தது. அதைத்தான் காலை முழுவதும் பிடுங்கிக்கொண்டிருந்தோம் என்று தோன்றவில்லை. நம் தொழிலில் ‘நல்ல கதை’ என்று தோன்றும் தருணத்தை நம்பாதீர்கள். கேட்பதை அங்கே நிறுத்திவிடுகிறோம்.

படத்தொகுப்பு சேலத்தில். தொகுப்பாளர் எனக்குப் பல ஆண்டு மூத்தவர், அதிகம் பேசமாட்டார். பதினான்கையும் பார்த்துவிட்டு ஒன்று கேட்டார்: “முதல் டேக்ல என்ன குறை?” நான் விளக்கினேன். நான் சொன்னதைச் செய்தார். என் விளக்கத்தை ஏற்றுக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

முழுப் பாடல் வெள்ளிக்கிழமை. அதற்கு ஐந்து நாள் முன்பு அரை நிமிட முன்னோட்டம் விட்டோம். அதில் அந்த நான்கு விநாடி இருந்தது. மாலைக்குள் அது மட்டும் தனியே வெட்டப்பட்டு மாவட்டம் முழுவதும் ஸ்டேட்டஸில் ஓடியது. பேருந்தில் யாரோ “கோழி எடுக்கான்” என்றார்கள். நான்கு பேர் சிரித்தார்கள். கதிர் ஒரு நாளில் ஊருக்குத் தெரிந்தவன் ஆகிவிட்டான். நானும் மகிழ்ந்தேன்.

செவ்வாய்க்கிழமை திலீப் அழைத்தார். குரலில் குற்றச்சாட்டு இல்லை.

“மேடம், ஊட்டுக்காரம்மா சாவி தர யோசிக்கறாங்க. அது நடிப்புன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லீட்டாச் செரியாப் போயிருமுங்க.”

ஒரு வார்த்தை சொல்லத்தானே எனக்குத் தெரியும்? அன்றே போனேன். சரசம்மா மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தார், ஐம்பதைத் தாண்டியவர். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். பாத்திரத்துக்கும் நடிகருக்கும் உள்ள வேறுபாட்டை நான் தெளிவாக எடுத்துரைத்தேன். முடியும்வரை கேட்டார்.

“நடிப்புன்னு எனக்குத் தெரியாதுங்களா கண்ணு? டிவி பாக்காத ஆளா நானு?” என்றார். “ஆனா பக்கத்துத் தோட்டத்துல கேக்கறாங்க, முட்ட திருடறவனுக்கா ஊடு உடறேன்னு. சண்டைக்கு வந்து கேட்டா நானும் பதில் சொல்லுவேன். அவிங்க சிரிச்சுட்டுக் கேக்கறாங்க. சிரிச்சுட்டுக் கேட்டா என்னத்தச் சொல்றது?”

ஏழு ஆண்டு மேடை ஏறியவள் நான். எதிர்வாதத்துக்குத்தான் எனக்குப் பயிற்சி; சிரிப்புக்கு எதிராகப் பேச யாரும் கற்றுத்தரவில்லை.

அவரே தொடர்ந்தார். “நான் ஊடு தாரேன்னு சொன்னது அவரு பேச்சக் கேட்டு. போன்ல மனுசன் பேசுன மாதிரி பேசுனாரு. இதுல வேற மாதிரி பேசறாரு. அப்புடிப் பேசச் சொல்லிக் குடுத்தது ஆருங்க?”

“நான்தாங்க.”

“அப்ப மொதல்ல எப்புடிப் பேசுனாரு?”

பேருந்தில் சேலம் வரும்வரை அந்தக் கேள்வியைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். மொதல்ல எப்புடிப் பேசுனாரு. தொகுப்பாளர் கேட்டதும் ஏறக்குறைய அதைத்தான்.

புதன்கிழமை கதிரை அழைத்தேன். வசனத்தை மாற்றலாம் என்றதும் அவன் கொதித்துப்போனான். அதில் நியாயமும் இருந்தது. ஊர் முழுவதும் அந்த வசனத்துக்காகத்தான் வெள்ளிக்கிழமையை எதிர்பார்க்கிறது. விளம்பரம் தந்தவருக்கும் அதுதான் பிடித்திருக்கிறது. அதை எடுத்துவிட்டால் பாட்டையே யாரும் பார்க்க மாட்டார்கள். “அக்கா, எனக்கு இன்னொரு பாட்டு கெடைக்குமான்னு தெரியாது. உங்களுக்கு அப்புடி இல்ல” என்றான்.

நான் மூன்று காரணங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவற்றைச் சொல்லாமல் விட்டது அந்த ஐந்து ஆண்டுகளில் நான் செய்த சரியான காரியங்களுள் ஒன்று. அவனைத் தொகுப்பு அறைக்கு அழைத்துப்போய், பதினான்கு டேக்கையும் வரிசையாகப் போடும்படி தொகுப்பாளரைக் கேட்டுக்கொண்டேன்.

பத்து நிமிடம் ஓடியது. முதல் டேக்கில் ஒரு மனிதர் கதிரைக் கேலி செய்கிறார். ஐந்தாவதில் அந்த மனிதர் தடுமாறுகிறார். பத்தாவதில் தோள்கள் இறங்கிவிட்டன. பதினான்காவதில் நான் கேட்டது கிடைத்துவிட்டது, திலீப் இல்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் என் குரல், திருத்தமாக, பொறுமையாக: இன்னும் ஒருமுறை, ‘ங்க’ இல்லாமல்.

கதிர் முதல் டேக்கை மறுபடி போடச் சொன்னான். பிறகு கடைசியை. அதன் பிறகு என் பக்கம் திரும்பினான்.

“மொதல்ல நான் சிரிச்சது அவரு சொன்ன ஜோக்குக்கு, அக்கா. கடைசில சிரிச்சது அவரப் பாத்து.”

இந்தத் துறையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த இரண்டு வாக்கியத்துக்குள் அடங்கும். ஒரு காட்சியில் வெளியூர்க்காரர் வரலாமா, கறுத்தவர் வரலாமா, ஏழை வரலாமா என்று கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். வரட்டும், சிரிக்கவும் வைக்கட்டும். நகைச்சுவை யார் கையில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். அதே முட்டை, அதே கோழி. ‘ங்க’ இருந்தபோது அது அவருடைய நகைச்சுவை. நீக்கியபோது அவரே நகைச்சுவை ஆகிவிட்டார்.

முதல் டேக்கை வைத்தோம். வாய் நிறைய மெல்லும் காட்சியை எடுத்துவிட்டோம். முன்னோட்டத்தை நீக்கினோம், ஆனால் வெட்டப்பட்டு வெளியே போனவை போனவைதான், அவற்றை யாராலும் திரும்ப வாங்க முடியாது. விளம்பரம் தந்தவரிடம் சொல்லவேண்டியதைச் சொன்னேன். அதன் பிறகு அவர் எங்களோடு வேலை செய்யவில்லை. வெள்ளிக்கிழமை பாடல் வந்தது. பார்த்தவர்கள் பலர் அந்த ‘எடுக்கான்’ எங்கே என்று கேட்டிருந்தார்கள். நாங்கள் நினைத்த அளவுக்கு ஓடவில்லை. கதிருக்கு அடுத்த பாட்டு கிடைக்க ஓராண்டு ஆயிற்று. சரியான முடிவு எடுத்தால் பலன் உடனே வரும் என்று உங்களிடம் நான் சொல்லப்போவதில்லை.

சரசம்மா பாடலைப் பார்த்தார். பார்த்ததாகத் திலீப்பிடம் சொன்னார். சாவியைப் பற்றிச் சொல்லவில்லை. “சம்சாரத்தக் கூட்டிட்டு வாங்க. அம்மணிகிட்டப் பேசீட்டுச் சொல்றேன்” என்றாராம். பள்ளி திறக்கப் பத்து நாள் இருந்தது. திலீப் ஒடிசா போய், வீடு உறுதியாகாமலே குடும்பத்தை அழைத்துவந்துவிட்டார். நானும் வந்தால் நன்றாக இருக்கும் என்றார். போனேன்.

சரசம்மா வீட்டு வாசலில் இரண்டு மூட்டை, ஒரு பெட்டி. மகளுக்கு எட்டு வயதிருக்கும். அப்பாவின் விரலை விடவில்லை. திலீப்பின் மனைவி ரயிலில் வரும் வழியெல்லாம் தமிழ் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். திலீப் கற்றுக்கொடுத்ததில் அவருக்கு உறுதியாக நின்றது ஒன்றுதான்: எதைச் சொன்னாலும் கடைசியில் ‘ங்க’ சேர்க்க வேண்டும். சரசம்மா வெளியே வந்து, பயணமெல்லாம் நல்லபடியா இருந்துச்சா என்று கேட்டார். அந்தக் கேள்வி மனப்பாடத்தில் இல்லை. திலீப்பின் மனைவி தன்னிடம் இருந்ததைச் சொன்னார்.

“அம்மாங்க. நான் சமையல் நல்லாப் பண்றான்ங்க. ஊடு சுத்தம் வெச்சிக்கிறான்ங்க. சாவி குடுங்கங்க.”

சரசம்மா ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு, “பண்றானா? அப்ப உங்கூட்டுல சமையல் அவருதானுங்களா? அது செரி, கெட்டிக்காரி” என்று சொல்லி வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணும் எட்டிப்பார்த்துச் சிரித்தார். பொருள் புரிந்தோ புரியாமலோ திலீப்பின் மனைவியும் சிரித்தார். அந்தச் சிரிப்போடே சரசம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

கதிர் சொன்ன இரண்டில் அந்தச் சிரிப்பு எந்த வகை என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. திலீப்புக்கும் தெரிந்திருக்காது. மனைவி கையில் சாவி வந்துவிட்டது; மகள் கதவை நோக்கி அவரை இழுத்துக்கொண்டிருந்தாள். அவர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று, கழுத்தைத் திருப்பி, நான் சிரிக்கிறேனா என்று பார்த்தார்.